அரைக் கிலோ கண்ணாடியின் விலை

விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி என்று சொல்லிக் கடைகளில் கேட்கப்படும் கருவிக்குள் இருக்கும் பொருள்கள் கொஞ்சம்தான். முகத்தை ஒட்டி இரண்டு சிறிய திரைகள், அவற்றுக்கு முன்னால் இரண்டு வில்லைகள், தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் உணரிகள், கைப்பேசியில் இருப்பதைப் போன்ற ஒரு சில்லு, ஒரு மின்கலம். இடக்கண்ணுக்கு ஒரு படமும் வலக்கண்ணுக்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு படமும் போகின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாக்கிக்கொள்கிறது. இந்த உண்மையை ஆங்கிலேய அறிவியலாளர் சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838-லேயே இரண்டு ஆடிகளையும் சில கோட்டுப் படங்களையும் வைத்துக் காட்டிவிட்டார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

தலை திரும்பும்போது காட்சியும் கூடவே திரும்ப வேண்டும் என்ற இரண்டாவது பாதி கணினிக்காகக் காத்திருந்தது. 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் செய்த கருவி அதைச் சாதித்தது. ஆனால் அதன் கனத்தைத் தலை தாங்காது என்பதால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களும் ராணுவமும் வாங்கக்கூடிய விலையில் இது கிடந்தது. இடையே 1995-இல் நின்டென்டோ பொதுமக்களுக்கு விற்ற வர்ச்சுவல் பாய் சிவப்பு நிறப் படங்களை மட்டுமே காட்டியது. தலைவலி தந்த அந்தக் கருவி அடுத்த ஆண்டே சந்தையை விட்டுப் போனது.

விலையை இறக்கியது கைப்பேசித் தொழில். கோடிக்கணக்கில் தயாரான சிறு திரைகளும் அசைவு உணரிகளும் மலிவானபோது, பால்மர் லக்கி என்ற இளைஞர் 2012-இல் ஆக்யுலஸ் ரிஃப்ட் என்ற கருவிக்காகப் பொதுமக்களிடம் சுமார் 24 லட்சம் டாலர் திரட்டினார். 2014-இல் அவருடைய நிறுவனத்தை ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) 200 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. 2016-இல் கடைக்கு வந்த ரிஃப்ட்டின் விலை 599 டாலர், அதை இயக்க வலுவான கணினி தனியாக வேண்டும். 2019-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த குவெஸ்ட் கணினியே வேண்டாம் என்றாக்கியது. அந்த வரிசையில் குவெஸ்ட் 3எஸ் 2024-இல் 299 டாலருக்கும் குவெஸ்ட் 3 2023-இல் 499 டாலருக்கும் அறிமுகமாயின. 2024 பிப்ரவரியில் வந்த ஆப்பிள் விஷன் புரோவின் விலை 3,499 டாலர்.

டாலருக்கு 4.20 மலேசிய வெள்ளி என்று வைத்துக்கொண்டால் இவை முறையே சுமார் 1,256, 2,096, 14,696 வெள்ளி. இறக்குமதிச் செலவும் விற்பவரின் லாபமும் இதற்கு மேல். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆகவே மலிவான கருவியே கிள்ளானிலோ செந்தூலிலோ உள்ள ஒரு தொழிலாளிக்கு முக்கால் மாத உழைப்பு. விஷன் புரோ எட்டரை மாத உழைப்பு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

ஒரு பொருள் விலைக்குத் தகுமா என்பதை அது பயன்பட்ட மணிக்கணக்கால் வகுத்துப் பார்ப்பதே நேர்மையான வழி. குவெஸ்ட் 3எஸ் கருவியும் தலா 30 டாலர் விலையுள்ள மூன்று விளையாட்டுகளும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,634 வெள்ளி. வாரத்துக்கு 2 மணி நேரம், ஓராண்டு விடாமல் பயன்பட்டால் 104 மணி நேரம். மணிக்கு 16 வெள்ளிக்கும் சற்றுக் குறைவு. இரண்டாண்டு நீடித்தால் 8 வெள்ளி. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்குச் சுமார் 20 வெள்ளி கொடுத்துப் பார்ப்பவர் தருவதும் மணிக்கு 8 வெள்ளிதான். ஆனால் தீபாவளி விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்து, மொத்தம் 10 மணி நேரத்தோடு அலமாரியில் ஏறிவிட்டால் மணிக்கு 163 வெள்ளி. பெட்டி அதே பெட்டிதான். எத்தனை மணி நேரம் தலையில் இருக்கும் என்பதைக் கண், உள்காது, கழுத்து, வீட்டுக்கூடம் ஆகிய நான்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

கண் படிக்கும் அளவு

கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் பார்வையில் ஏறத்தாழ 1 பாகை. நல்ல கண்ணுக்கு அந்த அகலத்துக்குள் சுமார் 60 நுண்புள்ளிகளைப் பிரித்தறிய முடியும். குவெஸ்ட் 3 அதே அகலத்தில் 25 புள்ளிகளையும் குவெஸ்ட் 3எஸ் 20 புள்ளிகளையும் காட்டுகின்றன. கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் அட்டையில் 6/6 பார்வைக்கான எழுத்து, பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு உயரம் உடையது. குவெஸ்ட் 3-இல் அந்த உயரத்துக்கு இரண்டே புள்ளிகள்தாம் கிடைக்கும். இரண்டு புள்ளியில் எந்த எழுத்தையும் வரைய முடியாது. நல்ல பார்வை உள்ளவரும் இந்தக் கண்ணாடிக்குள் ஏறக்குறைய 6/14 பார்வை உள்ளவராகிவிடுகிறார்.

தமிழ் வாசகருக்கு இது உடனே உறைக்கும். தமிழ் எழுத்தில் மெய்யின் தலையில் இருப்பது ஒரு சிறு புள்ளி. அது மங்கினால் ‘க்’ என்பதும் ‘க’ என்பதும் ஒன்றாகிவிடும். ‘ண’, ‘ன’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழி. படத்துக்கு அடியில் வரும் தமிழ் வசனத்தையோ நாளிதழின் இணையப் பக்கத்தையோ கண்ணாடிக்குள் வைத்துப் படிக்க வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். வேலைக்கான கணினித் திரைக்குப் பதிலாக இதை வாங்க நினைப்பவர் ஏமாற்றமடையும் இடம் இதுவே. விஷன் புரோவின் திரை இன்னும் கூர்மையானது. எனினும் அதன் விலையில் நல்ல கணினித் திரைகள் பல வாங்கலாம்.

இன்னொரு சிக்கல் குவியம். கருவிக்குள் இருக்கும் வில்லைகள் திரையின் பிம்பத்தை ஒன்றிரண்டு மீட்டர் தொலைவில் நிலையாக நிறுத்துகின்றன. காட்சியில் ஒரு பொருள் மூக்குக்கு நேரே வரும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, ஆனால் கண்ணின் வில்லை அந்த நிலையான தொலைவிலேயே குவிந்திருக்க வேண்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்து சேர்ந்தே இயங்கிய இரண்டு பழக்கங்கள் இங்கே பிரிக்கப்படுகின்றன. அரை மணி நேரத்தில் கண் களைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அருகில் உள்ளதை அதிகம் காட்டாத மென்பொருள்களில் இந்தக் களைப்பு குறைவு.

கண்மணிகளுக்கு இடையிலான தொலைவும் கவனிக்கத் தக்கது. பெரியவர்களுக்கு அது சராசரியாக 63 மில்லிமீட்டர். குவெஸ்ட் 3எஸ் கருவியில் 58, 63, 68 என மூன்று நிலைகளே உண்டு. குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருப்பிச் சீராக மாற்றிக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளின் கண்கள் 58-ஐ விட நெருக்கமாக இருப்பது வழக்கம், அதனால் அவர்களுக்குக் காட்சி சரியாகப் பொருந்தாது. மெட்டா நிறுவனம் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இதை அனுமதிப்பதில்லை, 10 முதல் 12 வரை பெற்றோர் கண்காணிக்கும் கணக்கு கட்டாயம். பிறந்தநாள் பரிசாகக் கேட்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருவது பணத்தாலும் உடலாலும் தவறான முடிவு.

பத்துமலைப் படிக்கட்டில்

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில், எல்லாத் திசைகளையும் படம்பிடிக்கும் கேமராவால் எடுக்கப்பட்ட காணொளி ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்க்கிறவரை எடுத்துக்கொள்ளலாம். 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைப் பார்க்கத் தலையை அண்ணாந்தே ஆக வேண்டும். பிடரி மடங்குகிறது, பொன்னிற மார்புக்கு மேல் முகம் வருகிறது, அதற்கும் மேலே சுண்ணாம்புப் பாறை. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் விரல் அளவாகச் சுருங்கிவிடும் சிலை இங்கே தன் உண்மையான பிரம்மாண்டத்தோடு நிற்கிறது. விஆர் தரும் உண்மையான புதுமை இந்த அளவுணர்வு. வேறு எந்தத் திரையாலும் இதைத் தர முடியாது.

அடுத்த கணம், எதிரே வரும் காவடியின் பின்பக்கத்தைப் பார்க்க அவர் ஓரடி நகர்கிறார். காவடி, கூட்டம், சிலை எல்லாம் அவரோடு சேர்ந்து ஓரடி நகர்கின்றன. கேமரா ஒரே புள்ளியில் நின்று எடுத்தது, அந்தப் புள்ளியை விட்டு வெளியே வர வழியில்லை. தலையின் திருப்பத்தை மட்டும் பின்தொடரும் காட்சிக்கும், உடலின் நகர்வையும் பின்தொடரும் காட்சிக்கும் உள்ள வேறுபாடு இந்த ஓரடிதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சுழல் காணொளிகள் முதல் வகை. கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கப்பட்ட விளையாட்டுகளும் இடங்களும் இரண்டாம் வகை. கைப்பேசியை உள்ளே செருகிப் பார்க்கும் 30, 40 வெள்ளிப் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு முதல் வகைதான் தெரியும். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு விஆர் இவ்வளவுதான் என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம்.

பத்துமலை முழுவதும் முப்பரிமாணமாக உருவாக்கப்பட்டிருந்தால் ஓரடி நகரலாம். ஆனால் 272 படிகளைக் கூடத்துக்குள் எப்படி ஏறுவது? கைக்கருவியின் குமிழைத் தள்ளினால் படிகள் கீழே நழுவ, காட்சி மேலே போகிறது. உடல் ஏறுகிறது என்று கண் சொல்கிறது. உள்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்த சிறு பைகளும் உடல் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று சொல்கின்றன. செய்திகள் முரண்படும்போது வயிறு புரட்டுகிறது, நெற்றி வியர்க்கிறது. ரீசன், பிராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் விரிவாக எடுத்துரைத்த புலன் முரண் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. கெந்திங் மலைப்பாதை வளைவுகளில் பேருந்துக்குள் குனிந்து கைப்பேசி பார்ப்பவருக்கு வாந்தி வருவதும் இதே முரண், தலைகீழாக: அங்கே காது நகர்வை உணர்கிறது, கண் உணர்வதில்லை.

இதைத் தணிக்க மென்பொருள் எழுதுபவர்கள் சில உத்திகளைக் கண்டிருக்கிறார்கள். நடப்பதற்குப் பதிலாக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சட்டெனத் தாவ வைப்பது ஒன்று. நகரும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்குவது இன்னொன்று. தலை அசைந்ததற்கும் காட்சி மாறுவதற்கும் இடைப்பட்ட நேரம் 20 மில்லிவினாடிக்குள் இருப்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை. இன்றைய நல்ல கருவிகள் இதில் தேறிவிட்டன. ஆனால் குமிழால் நடக்கும் விளையாட்டை எந்தக் கருவியாலும் எல்லாருடைய வயிற்றுக்கும் ஏற்றதாக்க முடியாது. பறந்துவரும் கட்டைகளைத் தாளத்துக்கு ஏற்ப வெட்டும் பீட் சேபர் இத்தனை ஆண்டுகளாக விற்பனையில் நிற்பதற்கு இது ஒரு காரணம். அதில் ஆடுபவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார், கட்டைகள்தாம் வருகின்றன.

காதின் பங்கைப் பலரும் கவனிப்பதில்லை. வலப்பக்கத்து ஓசை வலக்காதை இடக்காதைவிட ஏறக்குறைய முக்கால் மில்லிவினாடிக்குள்ளான ஒரு நேரம் முந்தி அடைகிறது. காதுமடலின் மடிப்புகள் மேலிருந்து வரும் ஓசைக்கும் கீழிருந்து வரும் ஓசைக்கும் வெவ்வேறு நிறம் ஏற்றுகின்றன. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இதை விளக்கத் தேவையே இல்லை. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் இடம் அது. வெண்கோலோடு துன் சம்பந்தன் சாலையைக் கடப்பவர்கள், வண்டி எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை இந்த நுண்ணிய வேறுபாடுகளால்தான் அறிகிறார்கள். விஆர் மென்பொருள் இதே வேறுபாடுகளைக் கணக்கிட்டு ஓசையில் சேர்க்கிறது. முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டு ஒருவர் திடுக்கிட்டுத் திரும்புவது படத்தால் நடப்பதில்லை, ஓசையால் நடக்கிறது. ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கிப் பொருத்துவது, விலையுயர்ந்த அடுத்த மாதிரிக்குத் தாவுவதைவிடப் பல நேரங்களில் அதிகப் பயன் தரும்.

கழுத்தும் வீடும்

குவெஸ்ட் 3 கருவியின் எடை 515 கிராம், குவெஸ்ட் 3எஸ் 514 கிராம். அரைக் கிலோ பச்சரிசிப் பொட்டலத்தை நெற்றிக்கு முன்னால் தொங்கவிட்டதற்குச் சமம். கனம் தலைக்கு நடுவே இல்லாமல் முன்னே தள்ளி நிற்பதால் பிடரித் தசைகள் ஓயாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியோடு வரும் துணிப்பட்டையை மாற்றிவிட்டு, பின்தலையில் தாங்கும் பட்டை போட்டால் பாரம் சமன்படும். இந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கோலாலம்பூரின் வெப்பமும் ஈரமும் தனிக் கதை. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும் ஊரில், முகத்தைச் சுற்றி இறுக மூடும் கருவி பத்து நிமிடத்தில் வியர்வையில் நனைகிறது. வில்லையில் ஆவி படிகிறது. குளிர்சாதனம் இல்லாத அறையில் உடற்பயிற்சி விளையாட்டுகள் ஏறக்குறைய முடியாத காரியம். மின்கட்டணமும் விலையின் ஒரு பகுதியாகிறது. முகத்தில் படும் பஞ்சு பொருந்தாமல் போவதும் உண்டு. 2021-இல் குவெஸ்ட் 2-இன் முகப்பஞ்சு தோலில் எரிச்சல் உண்டாக்கியதால் அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சுகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டிவந்தது. குடும்பமே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் துடைக்கக்கூடிய சிலிக்கோன் உறை அவசியம்.

நடமாட்டம் உள்ள விளையாட்டுகளுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் கேட்கப்படுகிறது. பூச்சோங், கிள்ளான் பகுதிகளின் 20 அடி அகல வரிசை வீட்டில் சோபாவையும் டீப்பாயையும் தள்ளி வைத்தால் அது கிடைக்கும். 650, 700 சதுர அடி மலிவு விலை அடுக்குமாடியில் கிடைப்பது கடினம். மேலே பார்க்கவும் மறக்கக் கூடாது. கூரைக் காற்றாடியின் இறக்கைகள் தரையிலிருந்து ஏழரை, எட்டு அடியில் சுழல்கின்றன. ஐந்தடி எட்டு அங்குலம் உயரமுள்ளவர் கைக்கருவியைத் தலைக்கு மேல் தூக்கினால் ஏழடியைத் தாண்டிவிடும். கருவி வரைந்துகாட்டும் எல்லைக்கோடு தரையில் உள்ள இடத்தைத்தான் காக்கிறது, தலைக்கு மேல் சுழலும் இறக்கையை அது அறியாது. காற்றாடியை நிறுத்தினால் வியர்க்கும், ஓடவிட்டால் விரல் போகும். இந்த நாட்டு வீடுகளில் உட்கார்ந்தே பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

மென்பொருளின் ஆயுள்

வன்பொருள் உடையாமலே செத்துப்போக முடியும் என்பதை விஆர் சந்தை பலமுறை காட்டியிருக்கிறது. கூகுளின் டேட்ரீம் விஆர் அமைப்பு 2016-இல் வந்து 2019-இல் கைவிடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி அமைப்பை 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கியது. அந்தப் பதிப்புக்கு மாறிய கணினிகளில், 600 டாலர் கொடுத்து வாங்கப்பட்ட எச்பி ரிவர்ப் ஜி2 போன்ற கருவிகள் இயங்காமல் போயின. பலர் கூடி ஆடிய எக்கோ விஆர் விளையாட்டின் சேவையகங்கள் 2023 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிறுத்தப்பட்டன. மெட்டாவின் விஆர் பிரிவு 2024-இல் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் இழப்பைக் கணக்குக் காட்டியது. இவ்வளவு இழப்பைத் தாங்கி விற்பதால்தான் கருவி மலிவாகக் கிடைக்கிறது. ஒரு நாள் அந்தப் பொறுமை தீர்ந்தால் மென்பொருள் வருவதும் குறையும். ஆகவே மூன்றாண்டுக்கு மேல் உழைக்கும் என்று எதிர்பார்த்துக் கணக்குப் போடக் கூடாது.

தமிழில் விஆர் படைப்புகள் மிகக் குறைவு. தமிழர் ஒருவர் செய்த பெரிய முயற்சி ஏ.ஆர். ரஹ்மான் இயக்கிய ‘லே மஸ்க்’. 36 நிமிடம் ஓடும் இந்தப் படம் 2022-இல் கான் திரைப்பட விழாவின் விஆர் பிரிவில் காட்டப்பட்டது. பார்ப்பவரை அசைக்கும் நாற்காலியும் காட்சிக்கேற்ற நறுமணமும் அதன் அங்கங்கள். வீட்டுக்கு வாங்கும் கண்ணாடியில் இந்த இரண்டும் இல்லை. கெந்திங் மலையில் தி வாய்டு என்ற நிறுவனம் நடத்திய விஆர் அரங்கின் சிறப்பும் வீட்டில் கிடைக்காதது. சுவரைத் தொட்டால் உண்மையாகவே சுவர் இருந்தது. உலகெங்கும் இருந்த அதன் அரங்குகள் 2020-இல் பெருந்தொற்றோடு மூடப்பட்டன. விஆரின் உச்ச அனுபவம் இடத்தோடு சேர்ந்தது. ஆண்டுக்கு நான்கைந்து முறை வியப்பது மட்டுமே நோக்கமென்றால் பேரங்காடி விஆர் அரங்கில் நுழைவுக் கட்டணம் கொடுப்பதே சிக்கனம்.

தெளிவான ஒரு தேவை இருக்கும்போது கணக்கு மாறுகிறது. உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு விஆர் வழியே படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை பயன் தருவதை பார்பரா ராத்பாமும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தீக்காயக் கட்டு மாற்றும் வேளையில் பனிமலைக் காட்சிக்குள் நோயாளியின் கவனத்தைத் திருப்பி வலியைக் குறைக்கும் முறையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன் வளர்த்தெடுத்தார். நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான ஒரு விஆர் பயிற்சிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதி வழங்கியது. கட்டட வடிவமைப்பாளர், விமானம் அல்லது கார் ஓட்டும் சிமுலேட்டரில் தினமும் அமர்பவர், மழைக்கால மாலைகளில் வெளியே போக முடியாமல் உடற்பயிற்சிக்கு வழி தேடுபவர் ஆகியோருக்குக் குவெஸ்ட் 3 போன்ற கருவி தயங்காமல் தகும். பொது ஆர்வம் மட்டும் உள்ளவருக்கு 3எஸ் போதும், அதுவும் அரங்கில் இரண்டு முறை அரை மணி நேரம் தாங்கிப் பார்த்த பிறகு. விஷன் புரோ வீட்டுக்குத் தகாது.

வாங்கும்போது

புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது உத்தரவாதத்தை யார் தருகிறார் என்பது. தயாரிப்பாளர் தருவதும் கடைக்காரர் தன் பெயரில் தருவதும் ஒன்றல்ல. வைஃபை, புளூடூத் உள்ள கருவிக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் பார்க்கலாம். வேறு நாட்டுச் சந்தைக்கு வந்த பெட்டியில் இங்குள்ள மூன்று முனைச் செருகி இல்லாமல் போகலாம். தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு செல்லலாம். ரசீது கையில் இருக்க வேண்டும்.

ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு விற்கப்படும் கருவிகள் நிறைய வருவதால் பழைய பொருள் சந்தையில் நல்ல விலைக்குக் கிடைக்கும். முன்னவர் வாங்கிய விளையாட்டுகள் கருவியோடு வருவதில்லை, அவை அவருடைய கணக்கோடு போய்விடும். கணக்கை நீக்கி முழுதாக அழித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். கைக்கருவியின் குமிழைத் தொடாமல் வைத்து, காட்சி தானாக நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக வெள்ளைப் பின்னணி ஒன்றைத் திறந்து ஒவ்வொரு கண்ணாக உற்றுப் பார்க்க வேண்டும். மேற்குப் பார்த்த சன்னலோரத்தில் ஒரு மாலை வைக்கப்பட்டிருந்தாலும் வில்லைகள் வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டிருக்கக்கூடும். சிறு பழுப்புப் புள்ளியாகவோ கோடாகவோ தெரியும் அந்தச் சூட்டுத் தழும்பைப் பழுதுபார்க்க முடியாது, திரையையே மாற்ற வேண்டியிருக்கும்.